ஒரே ஞாயிற்றில் பழைய சிபியு சுத்தமும் ஆட்டுக்கால் பாயாவும்: எதை எப்போது செய்வது?

கேள்வி இதுதான். வேளச்சேரியில் வீடு. 2018-இல் வாங்கிய டெஸ்க்டாப்: எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் முழுதாகத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, ஃபேன் இரைகிறது, திரையின் வலது மூலையில் ‘வைரஸ் இருக்கிறது’ என்று ஏதோ துள்ளிக்கொண்டே இருக்கிறது. மார்கழி ஞாயிறு ஒன்றில் இதைச் சரிபண்ண வேண்டும். அன்று ராத்திரி ஐந்து பேருக்குச் சூடாக, வயிறு நிறைகிற மாதிரி சமைக்கவும் வேண்டும். ஒரே ஆள். முடியுமா?

தாராளமாக முடியும். இரண்டிலுமே கைவேலை கொஞ்சம்தான், காத்திருப்புதான் அதிகம். ஆயிரக்கணக்கான ஃபோட்டோ காப்பியாகிற நேரத்தையும், குக்கரில் ஆட்டுக்கால் வேகிற நேரத்தையும் நாம் விரட்டி ஒன்றும் ஆகாது. ஒன்றின் காத்திருப்பில் மற்றதைச் செருகினால் போதும். மாற்றக்கூடாத வரிசை ஒன்றே ஒன்று: முதலில் தூசி, பிறகு குளியல், அதற்கப்புறம்தான் அடுப்படி. சமையலுக்கு ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் என்று வைத்துக்கொள்கிறேன். மார்கழியில் கவிச்சி சேர்க்காத வீடு என்றால் பச்சை மொச்சைக்குக் கீழே ஒரு பத்தி இருக்கிறது.

வேலை சனிக்கிழமையே ஆரம்பிக்கிறது. முதலில் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீல நிறத்தில் ‘குட்’ என்று காட்டினால் கவலையில்லை. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் டிஸ்கின் சில பகுதிகள் படிக்க முடியாமல் போக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அந்த நிலையில் வைரஸ் ஸ்கேன், டீஃப்ராக் (சிதறிக் கிடக்கிற ஃபைல் துண்டுகளை அடுக்குவது) என்று எதையும் ஓடவிடாதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்கை மணிக்கணக்கில் முழுக்கப் படிக்க வைத்தால் அந்த ஓட்டத்திலேயே நின்றுவிடலாம். முக்கியமானதை மட்டும் முதலில் எடுங்கள். நிறம் எதுவானாலும் ஃபோட்டோ, சான்றிதழ் ஸ்கேன்கள், வருமான வரி பிடிஎஃப், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் வெளி டிஸ்குக்குக் காப்பி ஆக வேண்டும். கட் செய்து பேஸ்ட் பண்ணாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த ஃபைல் எங்கே நின்றது என்று தேட வேண்டியிருக்கும். ராத்திரி காப்பி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அடுத்து, எதற்குச் செலவு செய்வது என்பது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து அழுத்தினால் வரும். மெமரி 85, 90 சதவீதத்திலும் டிஸ்க் 100 சதவீதத்திலும் முட்டிக்கொண்டு நிற்கும். 4 ஜிபி போதாமல் விண்டோஸ் மீதியை ஹார்ட் டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கிறது. அந்த டிஸ்கோ சுற்றுகிற தட்டு. ஐந்து நிமிடத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ‘பிசி பூஸ்டர்’ என்று காசு கேட்கிற எதுவும் இதைத் தீர்க்காது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் செட்டிங் பதிவேடு. அதில் ஆயிரம் பழைய வரி கிடந்தாலும் வேகத்தில் தெரியாது. தப்பான ஒரு வரியை அழித்தால் பிரிண்டரோ ஆபீஸோ திறக்காமல் போவது மட்டும் உடனே தெரியும்.

ஆகவே சனிக்கிழமை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை. ஞாயிறு அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வாங்க வேண்டியவை: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுற்றுகிற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று, 256 ஜிபி அல்லது 500 ஜிபி. அதற்கு ஒரு சாட்டா டேட்டா கேபிள். டிடிஆர்4 டெஸ்க்டாப் ரேம் 8 ஜிபி. ‘டெஸ்க்டாப்’ என்று அழுத்திச் சொல்லுங்கள், லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான், பொருந்தாது. கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் (அதன் சூட்டை இழுக்கிற உலோகப் பகுதி) நடுவே வைக்கிற தெர்மல் பேஸ்ட் சிறிய டியூப், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாட்டில், சிஆர்2032 பட்டன் செல் ஒன்று. மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருந்தால் அதிலும் எஸ்எஸ்டி போடலாம், ஆனால் எந்த வகையை அது ஏற்கும் என்று மேனுவல் பார்க்கத் தெரியாவிட்டால் சாட்டாவே பத்திரம்.

திரும்பி வருகிற வழியில் கறிக்கடையில் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நாளைக்குக் காலைல ரெண்டு செட் கால், நல்லா வாட்டி, துண்டு போட்டு வைங்க.” ஒரு செட்டுக்கு நான்கு கால். ஐந்து பேருக்கு சூப்பும் பாயாவும் சேர்த்து இரண்டு செட் சரியாக இருக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஞாயிறு ஏழு மணிக்கே தீர்ந்துபோகும்.

ராத்திரி படுக்கும் முன் இன்னொரு வேலை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக விண்டோஸ் 11 ஏற்றி வையுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கிற இன்டெல் வரிசை உங்கள் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஒரு தலைமுறை பழையதாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு. குப்பை சேர்ந்த பழைய நிறுவலை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாம்தான், ஆனால் துள்ளுகிற அந்தத் தொல்லையும் சேர்ந்தே குடிவரும். புதிதாகப் போடுவதே மேல்.

ஞாயிறு காலையில் ஆட்டுக்காலை வாங்கி வந்து அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு சிபியுவுக்கு வாருங்கள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது நல்லது, ஆனால் மார்கழிப் பனி காயட்டும். எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு. ஈரக் காற்றில் தூசி பறக்காது, அப்பும். எடுத்துப் போகும் முன் பத்து நிமிடம் சிபியுவை ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் இளகும். பவர் கேபிளைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்கும். பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே எந்த வயர் எங்கே என்று ஃபோனில் நான்கு படம் எடுங்கள். பிறகு இது மிகவும் உதவும்.

நம் ஊர் தூசி வறண்ட மாவாக இருக்காது. ஈரக்காற்றும் வீட்டு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ஹீட் சிங்க் இடுக்குகளில் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேனுக்கு மேலிருந்து புளோயர் அடித்தால் பாதிதான் வரும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும். வேக்குவம் கிளீனர் வாயைப் போர்டில் ஒட்டி வைக்காதீர்கள், நிலை மின்சாரம் சிப்பைக் கெடுக்கலாம். சிபியுவுக்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதினால் போதும். திறக்கவே கூடாது, கேபிள் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடுகிற மின்சாரம் நிற்கும். உள்ளே கரப்பான் முட்டை இருந்தால் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பூச்சி மருந்தை அடித்தால் அதன் எண்ணெய்ப் பசையில் அடுத்த மாதமே தூசி மறுபடி ஒட்டும்.

இப்போது ஹீட் சிங்க். இன்டெல்லோடு வருவதில் நான்கு மூலையிலும் கறுப்புப் பின் இருக்கும். தலையிலுள்ள அம்புக்குறி காட்டும் திசையில் கால் வட்டம் திருப்பி மேலே இழுத்தால் விடும். அடியில் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாக உதிரும். ஆல்கஹால் நனைத்த காட்டன் துணியால் இரண்டு பக்கமும் பளபளக்கும் வரை துடையுங்கள். கை சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலமாகத் தங்கும். புது பேஸ்ட் பச்சைப்பயறு அளவு, நட்ட நடுவில் ஒரு புள்ளி. தடவிப் பரப்ப வேண்டியதில்லை, அழுத்தத்தில் அதுவே பரவும். மாட்டும் முன் நான்கு பின்னையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, குறுக்குக் குறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். பெரும்பாலும் தப்பு நடக்கிற இடம் இதுதான். மூன்று உட்கார்ந்து ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் பயோஸ் திரையிலேயே (விண்டோஸுக்கு முன் வருகிற மதர்போர்டின் செட்டிங் திரை) வெப்பம் ஏறிக்கொண்டு போகும், ஃபேன் முன்பைவிட அதிகமாக இரையும். அப்படி ஆனால் அணைத்து, எடுத்து, புது பேஸ்ட்டோடு மறுபடி மாட்டுங்கள். ஃபேன் வயரைச் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதியிருக்கிற இடத்திலேயே செருகவும்.

பழைய ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் நீங்கத் துடைத்து மாட்டுங்கள், காலி ஸ்லாட்டில் புது ரேமையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரக் காற்றில் இது ஆண்டுக்கு ஒரு முறை வேண்டியிருக்கும். பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள்; அது தீர்ந்தால் தேதி பின்னால் போய், எந்த வெப்சைட் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று வரும், நீங்கள் பிரௌசரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். எஸ்எஸ்டியை மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்கின் இரண்டு கேபிளையும் கழற்றி வையுங்கள். விண்டோஸ் போடும்போது இரண்டும் சேர்ந்திருந்தால் தப்பான டிஸ்கை அழிக்கிற ஆபத்து ஒன்று. பூட் பகுதி பழையதில் போய் உட்கார்ந்து, பிறகு அதைக் கழற்றினால் எதுவுமே ஆன் ஆகாத சிக்கல் இன்னொன்று.

தகட்டை மூடாமல் ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். திரை வராமல் பீப் அடித்தால் முதல் சந்தேகம் ரேம். கழற்றி, இரண்டு பக்கமும் கிளிப் சத்தம் கேட்க அழுத்துங்கள். கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால் அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குளித்துவிட்டு அடுப்படி. கால் துண்டுகளில் மஞ்சள்தூளும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டுப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, கத்தியின் முதுகால் கரிந்த முடியைச் சுரண்டுங்கள். குளம்புப் பிளவின் நடுவே கொஞ்சம் முடி ஒளிந்திருக்கும். சூப்பில் வருகிற வாடைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நான்கைந்து தண்ணீர் அலசி, 5 லிட்டர் குக்கரில் போடுங்கள். தட்டிய சின்ன வெங்காயம் 20, பூண்டு 12 பல், இரண்டு அங்குல இஞ்சி, தக்காளி 2, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கரகரப்பாகப் பொடித்த மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், உப்பு. தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டர். எல்லாம் சேர்ந்து குக்கரின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பசையான நுரை வெயிட் துளையை அடைக்கும். பெரிய தீயில் முதல் விசில், பிறகு சிம்மில் 45 நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். காலில் சதை குறைவு, தோலும் நரம்பும்தான். அது கரைந்து வழவழப்பாக நேரம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் திறந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். முற்றிய ஆடு என்றால் இன்னொரு கால் மணி நேரம்.

குக்கர் சிம்மில் இருக்கையில் பென் டிரைவைச் செருகுங்கள். ஆன் ஆகும்போது டிலீட் கீயைத் தட்டி பயோஸுக்குள் போய் ‘இன்டெல் பிடிடி’ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதுதான், பல போர்டுகளில் அணைத்தே வைத்திருப்பார்கள். ‘இந்தக் கணினியில் ஓடாது’ என்று வந்தால் பதறி புது மெஷின் வாங்கப் போகாதீர்கள். நிறுவும்போது ‘ப்ராடக்ட் கீ இல்லை’ என்று கொடுத்து, பழைய அதே பதிப்பை (ஹோம் அல்லது ப்ரோ) தேர்ந்தெடுங்கள். முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் மதர்போர்டை அடையாளம் கண்டு அதுவே ஆகிக்கொள்ளும். நடுவில் இன்டர்நெட் கேட்கும். நெட்வொர்க் டிரைவர் இல்லையென்று நின்றால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (ஃபோன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தருவது) போடுங்கள்.

மூலையில் துள்ளியது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு சைட் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா’ என்று கேட்டபோது யாரோ ‘அலவ்’ அழுத்தியிருப்பார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத பெயர்களை நீக்கினால் அடங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்கள். தேவையில்லாததை நீக்காமல் அதே கூகுள் கணக்கில் சிங்க் செய்தால் புது விண்டோஸிலும் அது வந்து உட்காரும்.

செலவு வேண்டாம், பழைய நிறுவலோடே ஓட்டுகிறேன் என்பவர்களுக்கு: டிஸ்க் ‘குட்’ என்றால் விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று, விளம்பரத் தொல்லைகளை நீக்குகிற ஆட்வ்கிளீனர் ஒரு ஓட்டம், ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றதை டிசேபிள், செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குள் டெம்பரரி ஃபைல்ஸ். அந்தக் கடைசிப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால் ஹால் டிக்கெட்டும் கரண்ட் பில்லும் சேர்ந்து போகும்.

குக்கர் பிரஷர் தானாக அடங்கட்டும். கரண்டியால் தொட்டதும் தோல் எலும்பை விட்டு வழுக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் தெளிவை எடுத்து, மிளகுத்தூளும் கொத்தமல்லியும் தூவிக் கொடுங்கள். மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள். மார்கழியானாலும் சென்னையின் மதியம் 28, 29 டிகிரியைத் தொடும், சாயங்காலத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு மணிக்கு மொத்தமும் ஜெல்லியாக உறைந்து, பாத்திரத்தைச் சாய்த்தால்கூட அசையாமல் நிற்கும். கால் சரியாக வெந்ததற்கு அதுவே சாட்சி. மேலே வெள்ளையாகப் படிந்த கொழுப்பில் பாதியை வழித்துவிடலாம்.

ஏழு மணிக்குப் பாயா. அரைக்க: தேங்காய் அரை மூடி, கசகசா 1 டீஸ்பூன் வெந்நீரில் ஊறியது, சோம்பு 1 டீஸ்பூன், பொட்டுக்கடலை 1 டேபிள்ஸ்பூன், முந்திரி 6. கசகசாவை ஊற வைக்காமல் போட்டால் மிக்சி அரைக்காது, நாக்கில் மணலாகத் தட்டும். நல்லெண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை, பெரிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 4, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன் வதக்கி, மல்லித்தூள் 2 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன் சேர்த்து எண்ணெய் பிரியட்டும். கால் துண்டுகளையும் ஜெல்லியையும் கொட்டிப் பதினைந்து நிமிடம் கொதித்த பிறகு தேங்காய் விழுது. அதற்கப்புறம் தீ சிம்மில்தான், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். பாயா கெட்டியாக இருக்க வேண்டாம். இடியாப்பத்தில் ஊற்றினால் ஓடி, ஊறி நிற்க வேண்டும்.

இடியாப்பத்துக்கு வறுத்த அரிசி மாவு 4 கப், தண்ணீர் நாலரை முதல் ஐந்து கப், உப்பு, நல்லெண்ணெய் 2 டீஸ்பூன். தண்ணீர் குமிழ் விட்டுக் கொதிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். அச்சில் பிழிய வராமல் கை வலித்தால் தண்ணீர் சூடு போதவில்லை, அல்லது மாவு ஆறிவிட்டது. ஈரத் துணி போட்டு மூடிவையுங்கள். இழை அறுந்து அறுந்து விழுந்தால் தண்ணீர் குறைவு. ஆவியில் ஏழெட்டு நிமிடம்.

மொச்சைக் குழம்பு என்றால், மார்கழி, தையில் கோயம்பேட்டில் கிடைக்கிற பச்சை மொச்சைக் காய் ஒன்றரை கிலோ வாங்கி உரியுங்கள். விண்டோஸ் ஏறுகிற நேரத்துக்கு உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை. உரித்த மொச்சையைத் தனியாக உப்புப் போட்டு வேகவைத்த பிறகே புளிக்குழம்பில் சேருங்கள். புளியில் நேராகப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் தோல் விறைத்தே இருக்கும். நான்கு கத்தரிக்காய், ஒரு சக்கரவள்ளிக் கிழங்கு, எலுமிச்சை அளவு புளி, குழம்பு மிளகாய்த்தூள் 3 டேபிள்ஸ்பூன், இறக்கும்போது அரை மூடித் தேங்காய் அரைத்தது. இதற்குச் சுடுசோறுதான், இடியாப்பம் சேராது.

சாப்பிட்டு முடித்த பிறகு விண்டோஸ் அப்டேட்டை இன்னொரு முறை அழுத்துங்கள். புது நிறுவலில் இரண்டு, மூன்று ரீஸ்டார்ட் கேட்கும். பழைய ஹார்ட் டிஸ்கை அன்றே ஃபார்மேட் செய்ய வேண்டாம். ஒரு மாதம் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். பள்ளிக்கூட ப்ராஜெக்ட், பழைய பயோடேட்டா என்று காப்பியில் விட்டுப்போனது ஒவ்வொன்றாக வீட்டார் ஞாபகத்துக்கு வரும். அப்போது மாட்டி, திறக்கும் முன் டிஃபெண்டரில் ஒரு ஸ்கேன் ஓட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.